கண்ணுக்குச் சத்து மாத்திரை விற்றவன்

முதலில் போனது சிவப்பு. என்றைக்குப் போனது என்று தெரியாது.

நான் வேலை பார்த்த மருந்துக் கடையில் இருமல் மருந்து ஒன்று உண்டு. அதன் அட்டைப்பெட்டி பளிச்சென்ற சிவப்பு. ஒரு நாள் காலை அலமாரியைத் துடைக்கும்போது அது பழைய செங்கல் நிறத்தில் தெரிந்தது. கம்பெனிக்காரன் அட்டையை மாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அடிக்கடி மாற்றுவார்கள். அடுத்த வாரம் வீட்டில் தக்காளியும் அதே நிறத்தில் இருந்தது.

"பழுக்காததை ஏன் வாங்கினே?" என்று மனைவி கோமதியிடம் கேட்டேன்.

அவள் தக்காளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லாப் பழுத்துத்தானே இருக்கு" என்றாள்.



பார்வை மங்குகிறது என்றதும் மருந்துக் கடைக்குப் போய், "கண்ணுக்கு ஏதாவது சத்து மாத்திரை குடுங்க" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இருபத்திரண்டு வருடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். பெயர் சங்கரலிங்கம். கடைக்கு வருகிறவர்களுக்கு லிங்கம் அண்ணாச்சி.

கண் மாத்திரை எங்கள் கடையில் நன்றாகப் போகும். ஊரில் விசைத்தறிகள் அதிகம். நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது என்று தறிக்காரர்கள் வருவார்கள். ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரர்கள் வருவார்கள். கைபேசியே கதியென்று கிடக்கும் பிள்ளைக்காகத் தாய்மார்கள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே மாத்திரைதான். லூட்டீன் (கீரையிலும் சோளத்திலும் இருக்கிற மஞ்சள் சத்து), துத்தநாகம், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ எல்லாம் கலந்த கேப்சூல் மாத்திரை. "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போடுங்க. மூணு மாசத்துல வித்தியாசம் தெரியும்" என்பேன். வித்தியாசம் தெரிந்ததா என்று யாரிடமும் திருப்பிக் கேட்டதில்லை.

சிவப்பு போனதும் நானும் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு தினமும் மெட்ஃபார்மின் மாத்திரை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை (வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது). இரண்டாவதை எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. கடையில் நிற்கிறவன் கையை நீட்டினால் மருந்து. ஆறு வருடமாக அதைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு சைவம். சர்க்கரை வந்த பிறகு, பால் ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு பாலையும் தயிரையும் நிறுத்தினேன். கடுங்காப்பி, இட்லி, ரசம் சாதம், கீரை. நல்ல சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. யாரிடமும் காட்டவில்லை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை எடுத்துப் போட ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் ரத்தம் ஏறிவிட்டது. எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சிவப்புக்குப் பிறகு எதிரே நிற்கும் ஆளின் மூக்கு மங்கியது. காது தெரியும், தோள் தெரியும், சட்டைக் காலர் தெரியும். நேராகப் பார்க்கிற இடத்தில் மட்டும் எண்ணெய்க் காகிதத்தை ஒட்டி வைத்தாற்போல ஒரு மங்கல். வலி கிடையாது. உறுத்தல் கிடையாது. கண்ணில் நீர் வடியவில்லை. வலி இருந்திருந்தால் போயிருப்பேன்.

கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி போட்டேன். அதனால் ஒன்றும் மாறவில்லை.

கோமதி அவள் வழியில் இறங்கினாள். காலையில் கேரட் சாறு. மதியம் பொன்னாங்கண்ணிக் கூட்டு. சாயங்காலம் மறுபடியும் கேரட், பச்சையாக. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பிரசாதப் புற்றுமண் கொண்டுவந்து, குழைத்து என் இமைமேல் தடவினாள். தடவும்போது, "கண்ணை மூடுங்க" என்பாள். மூடுவேன். மூடியதும் நின்ற இடத்திலேயே ஆடுவேன். முகம் கழுவும்போதும் அப்படித்தான். கண்ணை மூடிச் சோப்புப் போட்டால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். சுவரைப் பிடித்துக்கொள்வேன். சர்க்கரைக்காரனுக்குத் தலை சுற்றாதா என்று விட்டுவிட்டேன்.

பாதம் இரண்டிலும் பஞ்சு சுற்றியதுபோல இருந்தது. அதையும் சர்க்கரையின் கணக்கிலேயே சேர்த்தேன். என் உடம்பில் எது நடந்தாலும் அதற்கு ஒரு பெயர் என்னிடம் தயாராக இருந்தது.

நான்கு மாதத்தில் என் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையோ என்று கோமதி பயந்து கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது. கேரட்டின் மஞ்சள் தோலில் இறங்கியிருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று யோசித்தால் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அதைச் சொல்ல எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "அப்பா, உங்களுக்குப் பேரப்பிள்ளை வரப்போகுது" என்றாள். நான் "சரிம்மா" என்றேன். பிறகு, "அம்மாகிட்ட குடுக்கேன்" என்று போனைக் கோமதியிடம் நீட்டிவிட்டேன்.

பேசி முடித்துவிட்டு வந்து கோமதி என் முன்னால் நின்றாள். "பிள்ளை அழுதா தெரியுமா? என்ன மனுசன் நீங்க?"

எனக்கும் தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்பது தெரிந்தது. அது வரவில்லை.

எங்கள் கடைக்குப் பாத்திமுத்து அக்கா என்று ஒருவர் வருவார். அறுபது வயதிருக்கும். புளியங்குடி ரோட்டில் வீடு. அவர் கணவர் மைதீன் பாய் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். பாய்க்கு ரத்தக் கொதிப்பு உண்டு, சர்க்கரை கிடையாது. மாதம் ஒரு தடவை அக்கா பழைய அட்டையைக் கொண்டுவந்து காட்டி, அதே மாத்திரையை வாங்கிப் போவார். பெயர் வாசிக்கத் தெரியாது. என்னைத் தவிர வேறு ஆள் எடுத்துத் தந்தால் வாங்கமாட்டார்.

ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரை ஒன்றும் ஒரே கம்பெனி. ஒரே அளவு அட்டை. ஒன்றில் சிவப்புக் கோடு, இன்னொன்றில் பச்சைக் கோடு. இருபத்திரண்டு வருடத்தில் நான் மாத்திரைப் பெயரை வாசித்து எடுத்தது குறைவு. கை போகிற இடத்தை நிறம் சொல்லும். அந்தக் காலையில் கூட்டம் இருந்தது. அட்டை இரண்டும் எனக்கு ஒரே பழுப்பாகத் தெரிந்தன. எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து அக்கா வந்தார். கூட்டம் விலகும்வரை ஓரமாக நின்றார். பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது என்ன மாத்திரை?"

எடுத்துப் பார்த்தேன். நடுவில் பார்த்தால் எழுத்து இல்லை. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துத்தான் வாசித்தேன். "சுகர் மாத்திரை" என்றேன்.

"அவுகளுக்கு சுகர் கெடையாதே."

அட்டையைக் கீழே வைத்தேன்.

"மூணாம் நாள் விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து மாத்திரையைப் போட்டாக. நாஷ்டா வைக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தா வேர்த்துக் கொட்டிக் கீழ கெடக்காக. கூப்பிட்டா முழிக்கல. ஆட்டோவுல போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சுகர் ஒரேயடியா எறங்கிப்போச்சாம். குளுக்கோஸ் ஏத்துனாங்க. அல்லாஹ் காப்பாத்துனான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதற்குள் ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். மீதிச் சில்லறையும் சரியாகக் கொடுத்தேன். என் கை நடுங்கவில்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் போனதும் என்னை நான் சோதித்துப் பார்த்தேன். ஒரு மனிதர் என்னால் சாகப் பார்த்தார் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பாதத்தை அழுத்தினால் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது அதுவும். அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரியும். தொடுவது தெரியாது.

அக்கா திரும்பி வந்தார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, நீங்க அட்டையத் தலையச் சாச்சு வாசிச்சிய. ஒங்களுக்குக் கண்ணு தெரியல. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். "நீங்க விக்குற மாத்திரையப் போடாதிய."

முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வே, நாளையில இருந்து கவுண்டர்ல நிக்காதிய" என்றார். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போய்க் கோமதியிடம் சொன்னேன். அவள்தான் அழுதாள்.

மறுநாள் காலை பேருந்தில் திருநெல்வேலிக்குப் போனோம். கண் மருத்துவமனையில் வரிசையாக நாற்காலிகள். மருந்து விட்டுக் கண்ணை விரிய வைத்தவர்கள் எல்லோரும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறாள் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு பெண் வந்து புத்தகம் ஒன்றைக் காட்டினார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். அதற்குள் எண் இருக்கிறது, சொல்லுங்கள் என்றார். முதல் பக்கம் சொன்னேன். அதற்கு மேல் எல்லாப் பக்கமும் வெறும் புள்ளிதான். பிறகு ஒரு கிண்ணம்போன்ற கருவிக்குள் தலையை வைத்துப் பார்வைப் புலச் சோதனை (எந்தெந்த இடம் தெரிகிறது, எது தெரியவில்லை என்று வரைந்து காட்டுவது). வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நெடுநேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். "சார், தூங்கிட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படங்களை மேசையில் பரப்பி வைத்தார்.

"சார், உங்க விழித்திரை நல்லா இருக்கு. சர்க்கரையால ரத்தக்கசிவு ஒண்ணும் இல்ல. கண்புரையும் பெரிசா இல்ல. ஆனா ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி நடுவுல பார்வை போயிருக்கு, நிறம் போயிருக்கு. பிரச்சினை கண்ணுல இல்ல, நரம்புல. என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?"

சொன்னேன். கண் மாத்திரையையும் கேஸ் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சொல்லும்போது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது?"

"நானேதான். மெடிக்கல்ல வேலை பாக்கேன்."

"பால், தயிர்?"

"நிறுத்திட்டேன்."

"கால் மரத்துப்போகுதா?"

"ஆமா."

என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கால்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். விழுவதற்குள் பிடித்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவு அடுத்த நாள் வந்தது. வைட்டமின் பி பன்னிரண்டு மிகமிகக் குறைவு. எனக்கு வந்திருந்தது சத்துக்குறைவால் வரும் ஆப்டிக் நியூரோபதி (கண்ணிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பு நலிந்துபோவது).

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். பி பன்னிரண்டு நரம்பின் உறையைக் காக்கிற சத்து. கீரையில் கிடையாது, கேரட்டில் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, பால், தயிரில்தான் உண்டு. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. நான் அதை அடைத்தேன். சாப்பாட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரையால் அதையும் குறைத்தேன். பிரித்ததைக் குடல் உறிஞ்ச வேண்டும். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடும் சிலருக்கு அது குறையும். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

"அப்ப ரத்தம் நல்லா ஏறுச்சே டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுதான் சார் பிரச்சினை. பி பன்னிரண்டு குறைஞ்சா ரத்தச்சோகை வரும். அதைப் பார்த்துட்டு யாராவது காரணத்தைக் கண்டுபிடிச்சிருப்பாங்க. நீங்க ஃபோலிக் போட்டதால ரத்தம் மட்டும் சரியாயிடுச்சு. நரம்பு கெட்டுக்கிட்டே இருந்திருக்கு. சத்தம் போட வேண்டியதை நீங்க அடக்கிட்டீங்க."

கண் மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். அது கெட்ட மருந்து இல்லை என்றார். வயதானவர்களுக்கு வரும் ஒருவகை விழித்திரை நோயில், ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் அவரே எழுதிக் கொடுப்பாராம். வைட்டமின் ஏ இல்லாத குழந்தைக்கு மாலைக்கண் வரும், அதற்குக் கீரையும் கேரட்டும் நல்லதுதான். "ஆனா எந்தச் சத்து குறையுதுன்னு பாக்காம எல்லாத்துக்கும் ஒரே மாத்திரைன்னா எப்படி சார்?" என்றார். என் மஞ்சள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் கீழே வைத்தார்.

பார்வை திரும்புமா என்று கோமதி கேட்டாள்.

"கொஞ்சம் திரும்பும்மா. எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. ரொம்ப நாள் ஆயிடுச்சு."

கிளம்பும்போது நான் இன்னொன்று கேட்டேன். மகள் போன் செய்ததையும், மைதீன் பாய் விஷயத்தையும் சொன்னேன். எனக்கு எதுவுமே உறைக்கவில்லை, அதுவும் இந்தச் சத்துக்குறைவுதானா என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இருக்கலாம் சார். பி பன்னிரண்டு குறைஞ்சா மனசும் மந்தமாகும். ஆனா எல்லாத்துக்கும் அதுதான் காரணம்னு நான் எழுதித் தர முடியாது."

ஊசி தொடங்கியது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரம் ஒன்று. பிறகு மாதம் ஒன்று. மருந்தின் நிறம் சிவப்பு என்று நர்ஸ் சொன்னார். எனக்குத் தேயிலைத் தண்ணீர்போலத் தெரிந்தது. பொது மருத்துவரைப் பார்த்து கேஸ் மாத்திரையை நிறுத்தினேன். மெட்ஃபார்மினை அவர் நிறுத்தவில்லை. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை பி பன்னிரண்டு பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், போதும்.

வீட்டில் தயிர் திரும்பி வந்தது. ஊசி போடுவதால் முட்டை கட்டாயமில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு நாள் நான் வெளியே போய்விட்டு வந்தபோது கோமதி புறவாசலில் மூன்று செங்கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். பழைய தகரச் சட்டியில் ஒரு முட்டை. ஒன்றே ஒன்று. அவள் வாழ்நாளில் முட்டையைத் தொட்டதில்லை. சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்புக்கு எட்ட நின்றாள்.

"எவ்வளவு நேரம் வேகணும்னு தெரியல. முக்கால் மணி நேரம் ஆச்சு" என்றாள்.

அதை உரித்து என் முன்னால் வைத்தாள். உப்புப் போட்டிருந்தாள். சாப்பிட்டேன். ரப்பர்போல இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து நான் விழுங்குவதைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தேன்.

முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. கடையின் பின்பக்கம் பெட்டி பிரிக்கிற வேலை தந்தார். தொட்டுப் பார்த்து, தூக்கிப் பார்த்து அடுக்கி வைப்பேன். கண்ணுக்குச் சத்து மாத்திரை கேட்டு யாராவது வந்தால் முன்னால் வந்து, "ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்" என்பேன். சிலர் கேட்டார்கள். பலர் அடுத்த கடைக்குப் போனார்கள்.

பாத்திமுத்து அக்கா பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. அதுதான் நியாயம். ஒருநாள் பேருந்து நிலையத்தில் குரல் கேட்டுத் திரும்பினேன்.

"அண்ணாச்சி, கண்ணு எப்படி இருக்கு?"

"ஊசி போடுதேன்கா. பாய் எப்படி இருக்காக?"

"இருக்காக. எந்த மாத்திரையைக் குடுத்தாலும் இப்ப என்னையப் பேரு வாசிக்கச் சொல்லுதாக. நான் என்னத்த வாசிக்க? பக்கத்து வீட்டுப் பிள்ளைட்ட எழுத்துப் படிக்கேன்."

அவர் சிரித்தார். பேருந்து வந்தது, ஏறிப்போனார். நல்ல மனுஷி என்று நினைத்தேன். ஒரு தகவலை நினைப்பதுபோல நினைத்தேன்.

மூன்றாம் மாதம் பாதம் எரிய ஆரம்பித்தது. மிளகாய் அரைத்துப் பூசியதுபோல. ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து மருத்துவருக்குப் போன் செய்தேன். "சில பேருக்கு நரம்பு முழிக்கும்போது அப்படி இருக்கும் சார், நேர்ல வாங்க, பார்ப்போம்" என்றார். உணர்ச்சி திரும்புவதென்றால் நல்லபடியாகத் திரும்பும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். வலியாகத் திரும்பும் என்று நினைக்கவில்லை. உங்களுக்கும் அப்படி வந்தால் பயந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள், கேளுங்கள்.

ஐந்தாம் மாதம் புள்ளிப் புத்தகத்தில் நான்கு பக்கம் சொன்னேன். பெரிய எழுத்து வாசிக்க முடிந்தது. மூக்குகள் மங்கலாகத் திரும்பி வந்தன. நடுவில் ஒரு சின்னப் புகை மட்டும் நின்றுவிட்டது. அது போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பக்கத்தால் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயரை வாசிக்க முன்னைவிட மூன்று மடங்கு நேரமாகிறது. அந்த நேரத்தை இப்போது கொடுக்கிறேன்.

ஆறாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து மொச்சைப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். கை பயிலட்டும் என்று கோமதி தந்த வேலை. சொத்தையை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம். குறிப்பாக எதையும் நினைக்கவில்லை. திடீரென்று, கூப்பிட்டா முழிக்கல என்று பாத்திமுத்து அக்கா சொன்னது காதில் கேட்டது. அவர் சொன்ன அதே குரலில்.

கை நின்றது. மைதீன் பாய் தரையில் கிடப்பது தெரிந்தது. நான் பார்க்காத வீடு, பார்க்காத அறை. வேர்த்த நெற்றி. அடுப்படியிலிருந்து அக்கா வருவதற்கு இன்னும் கால்மணி நேரம் ஆகியிருந்தால்? அன்றைக்கு அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தால்? என் விரல் ஆட ஆரம்பித்தது. பிறகு கை. பிறகு தோள். முறத்திலிருந்து பயறு சிதறியது. நெஞ்சு அடித்தது. உடம்பெல்லாம் வேர்த்தது.

கோமதி ஓடி வந்தாள். "என்ன, சுகர் இறங்கிட்டா? ஏங்க, இங்க பாருங்க!" சீனியை அள்ளி வந்து என் வாயில் போடப் போனாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கேட்கவில்லை. கருவியை எடுத்து வந்து என் விரலில் குத்தினாள்.

குத்தியது வலித்தது.

"நூத்துப் பதினெட்டு" என்று வாசித்தாள். மறுபடியும் பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு. பிறகு என்ன செய்யுது?"

"பயமா இருக்கு" என்றேன்.

"எதுக்கு?"

"பாய் செத்திருப்பாருட்டி."

அவள் கையிலிருந்த சீனியோடு அப்படியே உட்கார்ந்தாள். "அது நடந்து ஆறு மாசம் ஆச்சே" என்றாள் மெதுவாக.

"எனக்கு இப்பத்தான் நடக்கு" என்றேன்.